விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு: தொடக்கத்தில் வரும் எச்சரிக்கைகளை நிறுத்துவது எப்படி?

கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலில் முதல்முறையாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி முடித்து, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. பிக்ஸ்4 எஸ்எம்பஸ் என்று தொடங்குகிறது. 'பேஸ் அட்ரஸ் அன்இனிஷியலைஸ்டு' என்கிறது. 'அப்கிரேட் பயாஸ்' என்று, அதாவது கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலைப் புதுப்பி என்று, யோசனையும் சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் லாகின் திரை வந்துவிடுகிறது, எல்லாமே ஒழுங்காக வேலை செய்கிறது. மறுநாள் திறந்தால் திரும்பவும் அதே வரி.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது நான் உண்மையிலேயே லேப்டாப்பின் பயாஸைப் புதுப்பித்தேன். அரை நாள் போயிற்று. எச்சரிக்கை அப்படியே இருந்தது. அது குறை சொன்னது என் லேப்டாப்பை அல்ல, விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கிக் கொடுத்த போலி மதர்போர்டை. அதற்குப் புதுப்பிக்க பயாஸ் எதுவும் கிடையாது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த எச்சரிக்கையைச் சொல்வது யார் என்பதுதான். மெய்நிகர் எந்திரத்தை, அதாவது விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் அந்தக் கணினியை, திறக்கும்போது மூன்று பேர் பேசுவார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் பேசும். அது உங்கள் நிஜக் கணினியில், அதாவது ஹோஸ்ட்டில் ஓடும் நிரல். உள்ளே இருக்கும் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, பேசும். கெர்னல் எழுந்த பிறகு, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களும் டெஸ்க்டாப்பும் பேசும். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவரிடம் போய்ச் சரிசெய்ய முடியாது.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். பாதி தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதியை டெர்மினலே (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) நிரப்பிக்கொள்ளும். எழுத்துப்பிழைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. இரண்டு, எதையும் தொடுமுன் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எந்திரம் ஓடும் ஜன்னலில் மெஷின் மெனு, அதில் டேக் ஸ்நாப்ஷாட். நிஜக் கணினியில் கிடைக்காத வசதி இது. எங்கேயாவது சொதப்பினால் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

விர்ச்சுவல்பாக்ஸே சொல்பவை

இது சுலபமானது. எந்திரம் ஓடத் தொடங்கியதும் ஜன்னலின் மேலேயோ ஓரத்திலேயோ 'ஆட்டோ கேப்சர் கீபோர்டு' பற்றி ஒரு பட்டை வரும், 'மவுஸ் பாயிண்டர் இன்டகிரேஷன்' பற்றி இன்னொன்று வரும். சுட்டியும் விசைப்பலகையும் உள்ளே மாட்டிக்கொண்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை அழுத்தி வெளியே வரலாம் என்பதுதான் அவற்றின் சாரம். மேக் வைத்திருப்பவர்களுக்கு அது இடப்பக்கக் கமாண்ட் விசை. ஒருமுறை படித்து மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பட்டையிலேயே இருக்கும் 'இனிக் காட்டாதே' பொத்தானை அழுத்திவிடுங்கள். வெறும் பெருக்கல் குறியை அழுத்தினால் அடுத்த முறையும் வரும்.

கை தவறி முக்கியமான ஒன்றையும் மறைத்துவிட்டால் கவலை வேண்டாம். ஹெல்ப் மெனுவில் ரீசெட் ஆல் வார்னிங்ஸ் என்று இருக்கும். அது எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

கெர்னல் சொல்பவை

புதியவர்களைப் பயமுறுத்துவது இந்த வகைதான். கருப்புத் திரையில் வந்து ஓடி மறையும் வரிகளை நிதானமாகப் படிக்க, உள்ளே நுழைந்த பிறகு டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

சூடோ டிமெஸ்ஜி --லெவல்=எர்,வார்ன்

முதல் சொல் எஸ், யு, டி, ஓ. நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம். இரண்டாவது டி, எம், இ, எஸ், ஜி. 'எர்' என்பது இ, ஆர், ஆர். வார்ன் என்பது டபிள்யூ, ஏ, ஆர், என். கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட வராது. அது பழுதல்ல, நீங்கள் பாட்டுக்குத் தட்டி என்டர் கொடுங்கள்.

இப்போது வரும் பட்டியலில் பத்து இருபது வரிகள் இருக்கலாம். அசந்துவிடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் உபுண்டுவில் அடிக்கடி தலைகாட்டும் வரிகள் சிலதான்.

முதலில் நம் பிக்ஸ்4. விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே இருக்கும் கணினிக்குக் காட்டும் மதர்போர்டு சினிமா செட்டில் போட்ட வீடு மாதிரி. முன்சுவர் இருக்கும், கதவு இருக்கும். கதவைத் திறந்தால் அறை இருக்காது. இன்டெல் நிறுவனம் 1990களில் வெளியிட்ட பிக்ஸ் குடும்பச் சிப்பைத்தான் அது இயல்பாகப் பாவனை செய்கிறது. எல்லா இயங்குதளத்துக்கும் பழக்கமான சிப் என்பதால் அந்தத் தேர்வு. நிஜச் சிப்பில் எஸ்எம்பஸ் என்று ஒரு சிறு தகவல் பாதை உண்டு. வெப்பநிலை உணரிகளும் மெமரிப் பலகைகளில் இருக்கும் அடையாளச் சிப்புகளும் அதன் வழியாகப் பேசும். போலி மதர்போர்டில் அதெல்லாம் இல்லை, அதனால் அந்தப் பாதைக்கு முகவரியும் கொடுக்கப்படவில்லை. லினக்ஸின் டிரைவரோ சிப்பின் பெயரைப் பார்த்ததும் பாதையைத் தேடிப் போகிறது, காணாமல் புலம்புகிறது. உள்ளே இல்லாத உணரியைப் படிக்கும் டிரைவர் நமக்கு எதற்கு? அதை ஏற்றாமலே விட்டுவிடலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எச்சரிக்கை வரியில் இருப்பது டிரைவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். தடுக்க வேண்டியதோ மாட்யூலின், அதாவது கெர்னல் ஏற்றிக்கொள்ளும் டிரைவர் கோப்பின், பெயர். இரண்டும் வேறு வேறு. வரியில் இருப்பதை அப்படியே எழுதித் தடுத்தால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. சரியான பெயரைக் கண்டுபிடிக்க:

எல்எஸ்மாட் | க்ரெப் பிக்ஸ்

எல்எஸ்மாட் என்பது எல், எஸ், எம், ஓ, டி. க்ரெப் என்பது ஜி, ஆர், இ, பி. கடைசிச் சொல் பி, ஐ, ஐ, எக்ஸ் (ஐ இரண்டு முறை). நடுவில் இருக்கும் செங்குத்துக் கோடு பின்சாய்வுக் கோட்டு விசையில் ஷிப்டுடன் வரும். பதிலில் முதல் சொல்லாக ஐ2சி_பிக்ஸ்4 என்று தெரியும். அதுதான் மாட்யூல். கையால் தட்டாமல் சுட்டியால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தி நகலெடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம்:

1. சூடோ நானோ /ஈடிசி/மோட்ப்ரோப்.டி/அமைதி.கான்ஃப் என்று தட்டுங்கள். நானோ என்பது டெர்மினலுக்குள் கோப்பைத் திருத்தும் நிரல். ஈடிசி என்பது இ, டி, சி. மோட்ப்ரோப் என்பது எம், ஓ, டி, பி, ஆர், ஓ, பி, இ. 'அமைதி' நான் வைத்த பெயர், நீங்கள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் கோப்பு .கான்ஃப் என்று, அதாவது புள்ளிக்குப் பின் சி, ஓ, என், எஃப் என்று முடிய வேண்டும். இல்லாவிட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது.

2. திறக்கும் வெற்றுத் திரையில் பிளாக்லிஸ்ட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, நகலெடுத்த மாட்யூல் பெயரை கன்ட்ரோல், ஷிப்ட், வி அழுத்தி ஒட்டுங்கள். ஒரே வரிதான்.

3. கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். சேமித்து வெளியே வந்தாயிற்று.

4. சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு என்று கொடுங்கள். இந்த நீளமான சொல்லுக்குத்தான் டேப் விசை. அப்டேட், ஒரு சிறுகோடு, ஐ, என், ஐ வரை தட்டி டேப் அழுத்தினால் போதும்.

5. ரீஸ்டார்ட்.

நான்காவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூட் ஆகும்போது கெர்னல் முதலில் ஒரு சிறு தற்காலிகக் கோப்பு முறைமையை மெமரியில் ஏற்றிக்கொள்ளும். நீங்கள் எழுதிய தடை அதற்குள்ளும் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் அந்தக் கட்டளை.

திரும்பி வந்ததும் அதே எல்எஸ்மாட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பதில் வெறுமையாக இருந்தால் வேலை முடிந்தது.

இதை மெய்நிகர் எந்திரத்துக்குள் மட்டும் செய்யுங்கள். ஏஎம்டி செயலி உள்ள நிஜக் கணினிகளில் இதே மாட்யூல்தான் நிஜ எஸ்எம்பஸ்ஸை இயக்குகிறது. அங்கே தடுத்தால் சில உணரிகள் காணாமல் போகலாம்.

அடுத்தது ரேப்பில் வரும் வரி. ஆர், ஏ, பி, எல் என்ற நான்கெழுத்துடன் 'நோ வேலிட் டொமைன்ஸ் ஃபவுண்ட்' என்று வரும். இன்டெல் செயலி எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்று அளக்கும் வசதி அது. மெய்நிகர் செயலிக்கு அந்த அளவுமானி இல்லை. மருந்து அதேதான்: எல்எஸ்மாடில் ரேப்பில் என்று தேடி, வரும் மாட்யூல் பெயர்களை அதே அமைதி கோப்பில் தனித்தனி வரியாக, ஒவ்வொன்றின் முன்னும் பிளாக்லிஸ்ட் போட்டு எழுதி, மீண்டும் நான்காம் படியும் ஐந்தாம் படியும்.

திரை அட்டைக்காரர்

புதிய கெர்னலில் விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் என்ற பெயருடன் கொஞ்சம் மிரட்டலான வரிகள் வரும். ஆதரவில்லாத ஹைப்பர்வைசரில் (மெய்நிகர் எந்திரங்களை ஓட்டும் நிரல்) ஓடுகிறேன், இந்த அமைப்பு உடைந்திருக்கலாம், வேறு கிராஃபிக்ஸ் சாதனத்துக்கு மாறுங்கள் என்று சொல்லும். நடப்பது இதுதான்: விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 முதல் லினக்ஸ் எந்திரங்களுக்கு விஎம்எஸ்விஜிஏ என்ற திரைச் சாதனத்தை இயல்பாகக் கொடுக்கிறது. அது விஎம்வேர் நிறுவனத்தின் சாதனத்தைப் போலச் செய்தது. அதற்கான டிரைவர் எழுந்து பார்த்தால், சுற்றிலும் இருப்பது விஎம்வேர் இல்லை. சந்தேகம் வந்துவிடுகிறது.

என் கருத்து, திரை நன்றாகத் தெரிந்து ஜன்னலை இழுத்தால் அளவும் மாறுகிறது என்றால் இதைத் தொடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எந்திரத்தை முழுதாக அணைத்துவிட்டு (நிலையைச் சேமித்து மூடியிருந்தால் இந்த அமைப்பை மாற்ற முடியாது), செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் என்று போய் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விபாக்ஸ்விஜிஏ என்பதைத் தேர்ந்தெடுத்தால் முப்பரிமாண வேகம் கிடைக்காது. அந்த அமைப்புத் திரையே 'இன்வேலிட் செட்டிங்ஸ்' என்று இன்னொரு எச்சரிக்கையைக் காட்டும். ஒன்றை நிறுத்தப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மாதிரி வரிகளுக்குக் கீழே சொல்லும் மறைக்கும் வழியே போதும்.

ரெட்ப்ளீட் என்று ஒன்று வந்தால் அது வேறு வகை. 2022 ஜூலையில் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய செயலிப் பலவீனம் அது. உங்கள் நிஜச் செயலியில் இருக்கும் பாதுகாப்பு வசதி உள்ளே இருக்கும் எந்திரத்துக்குத் தெரியாததால் கெர்னல் எச்சரிக்கிறது. பாடம் படிக்கவும் சோதனை செய்யவும் வைத்திருக்கும் எந்திரம் என்றால் விட்டுவிடலாம். முன்பின் தெரியாத நிரல்களை அதில் ஓட்டுவதாக இருந்தால் மறைக்காமல் வைத்திருங்கள், நினைவூட்டலாவது மிஞ்சும்.

மறைப்பது என்றால்

புதியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. உபுண்டுவின் பூட் அமைப்பில் ஏற்கெனவே 'கொயட்' என்று எழுதியிருக்கிறதே, அமைதியாக இரு என்றுதானே அர்த்தம், பிறகும் ஏன் இந்த வரிகள்?

கெர்னல் தன் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் போடுகிறது. 0 என்றால் தலை போகிற விஷயம், 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 7 வெறும் பிழைதிருத்தக் குறிப்பு. கொயட் போட்டால் திரையின் எல்லை 4 ஆகிறது. 4-க்குக் கீழே உள்ளவை மட்டும் தெரியும், அதாவது 0 முதல் 3 வரை. பிக்ஸ்4 டிரைவர் தன் புலம்பலுக்குப் போட்டுக்கொண்ட தரம் 3. அதனால்தான் வேலியைத் தாண்டி வந்துவிடுகிறது. எல்லையை ஒரு படி இறக்கினால் போதும்.

சூடோ நானோ /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் என்று கோப்பைத் திறங்கள். க்ரப் என்பது ஜி, ஆர், யு, பி. கெர்னலை எழுப்பிவிடும் பூட் நிரலின் பெயர் அது. 'லினக்ஸ் டிஃபால்ட்' என்று முடியும் பெயர் கொண்ட வரியில் மேற்கோளுக்குள் கொயட் ஸ்ப்ளாஷ் என்று இருக்கும். அந்த இரண்டுக்கும் பின்னால், மூடும் மேற்கோளுக்கு முன்னால், ஓர் இடைவெளி விட்டு லாக்லெவல்=3 என்று சேர்த்து எழுதுங்கள். சேமித்து வெளியே வந்து சூடோ அப்டேட்-க்ரப் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அந்த மூடும் மேற்கோளை ஒருமுறை நான் அழித்துவிட்டேன். அப்டேட்-க்ரப் கட்டளை பிழை சொல்லி நின்றுவிட்டது. நல்லவேளையாகப் பழைய பூட் பட்டியல் அப்படியே இருந்ததால் எந்திரம் எழுந்தது. பிழை வந்தால் அந்த வரியை மட்டும் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் மேற்கோள்தான் காரணமாக இருக்கும்.

இது மறைப்புதான், நிவாரணம் அல்ல. டிமெஸ்ஜி கொடுத்தால் எல்லா வரிகளும் அங்கே பத்திரமாக இருக்கும். அதனால் காரணம் புரிந்து தடுக்கக்கூடியவற்றை முதலில் தடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

காக்க வைக்கும் சர்வீஸ்

உபுண்டு சர்வர் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. 'வெயிட் ஃபார் நெட்வொர்க் டு பி கான்ஃபிகர்டு' என்று நட்சத்திரம் அங்குமிங்கும் ஓடும், முழுதாக 2 நிமிடம் உட்கார வைக்கும். நிறுவும்போது எந்திரத்துக்கு இரண்டு நெட்வொர்க் அடாப்டர் இருந்து, பிறகு ஒன்றை எடுத்துவிட்டிருந்தால் இது நடக்கும். ஐபி முகவரி கொடுக்க ஆளில்லாத வலையமைப்பில் இரண்டாவது அடாப்டர் இருந்தாலும் நடக்கும்.

/ஈடிசி/நெட்ப்ளான்/ அடைவில் இருக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் முதல் அடாப்டரின் பெயர் வழக்கமாக 3 என்றும் இரண்டாவது 8 என்றும் முடியும். பிரச்சினைக்குரிய அடாப்டரின் கீழே, டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகப் பெறும் முறை) வரிக்கு நேர் கீழாக, ஆப்ஷனல்: ட்ரூ என்று ஒரு வரி சேர்த்தால் கணினி இனி அதற்காகக் காத்திருக்காது. முன்னால் விடும் இடைவெளி மேல் வரியில் உள்ள அளவுக்கே இருக்க வேண்டும். டேப் விசையைப் பயன்படுத்தக் கூடாது, இடைவெளி விசைதான். இந்தக் கோப்பு வகை அதில் ரொம்பக் கறார். பிறகு சூடோ நெட்ப்ளான் அப்ளை.

வேறு சர்வீஸ் ஏதாவது சிவப்பில் 'ஃபெயில்டு' என்று வந்தால் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு என்ற கட்டளை அதன் பெயரைச் சொல்லிவிடும்.

டெஸ்க்டாப்பில் குதிக்கும் பெட்டி

உள்ளே நுழைந்ததும் 'சிஸ்டம் ப்ரோக்ராம் ப்ராப்ளம் டிடெக்டட்' என்று ஒரு பெட்டி வந்து, அறிக்கை அனுப்பவா என்று கேட்கும். எப்போதோ ஒரு நிரல் நொறுங்கியதன் குறிப்பு /வார்/க்ராஷ் அடைவில் கிடக்கிறது. அதை எடுத்துவந்து காட்டுகிறது, அவ்வளவுதான். வார் என்பது வி, ஏ, ஆர். எல்எஸ் கொடுத்து அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோப்பின் பெயரிலேயே நொறுங்கிய நிரலின் பெயர் இருக்கும். பார்த்துவிட்டு அவற்றைச் சூடோ ஆர்எம் கொண்டு அழித்துவிடுங்கள். எந்திரத்தைச் சரியாக மூடாமல் பவர் ஆஃப் கொடுப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அழித்த பிறகும் அதே பெயரில் புதிய கோப்பு வந்தால் அந்த நிரலில்தான் ஏதோ கோளாறு. பெட்டியை அணைத்துப் பயனில்லை.

இவற்றை மட்டும் அணைக்காதீர்கள்

'இஎக்ஸ்டி4 எரர்', 'ஐ/ஓ எரர்' என்று வரும் வரிகள் வட்டைப் பற்றியவை. மெய்நிகர் வட்டு என்பது ஹோஸ்ட்டில் இருக்கும் ஒரு கோப்புதான். அந்தக் கோப்பு இருக்கும் நிஜ வட்டு நிறைந்துவிட்டதா, கெட்டுப்போகிறதா என்று முதலில் அங்கே போய்ப் பாருங்கள். 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றால் பெரும்பாலும் எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல்) இப்போது இல்லாத ஒரு வட்டின் பெயர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது வட்டைக் கழற்றிவிட்டு அந்த வரியை அழிக்க மறந்தவர்களுக்கு வரும்.

'சாஃப்ட் லாக்கப், சிபியு ஸ்டக்' என்று வந்தால், உள்ளே இருக்கும் எந்திரத்துக்கு ஹோஸ்ட் நேரத்துக்குச் செயலியைக் கொடுக்கவில்லை. லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு ஒருமுறை வந்தால் பரவாயில்லை. தினமும் வந்தால் எந்திரத்துக்கு ஒதுக்கிய செயலி எண்ணிக்கையைக் குறையுங்கள். நான்கு கோர் உள்ள கணினியில் நான்கையும் உள்ளே கொடுத்துவிட்டால் வெளியே விண்டோஸ் எதை வைத்துப் பிழைக்கும்?

அதோடு ஜன்னலின் கீழ்ப்பட்டையையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே ஒரு பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகர் எந்திர வசதியான ஹைப்பர்-வி குறுக்கே இருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வராது, ஆமை மட்டும்தான். மெதுவாகப் பூட் ஆகிறது என்று புலம்புபவர்களில் பலருக்குக் காரணம் அந்த ஆமைதான்.

எல்லாம் முடிந்து, நான்கைந்து முறை அணைத்துத் திறந்து, பூட் அமைதியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, தொடக்கத்தில் எடுத்த ஸ்நாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். வைத்திருந்தால் மாற்றங்கள் தனிக் கோப்பில் சேர்ந்து வட்டு இடத்தைத் தின்றுகொண்டே போகும். நீக்கும்போது அந்தக் கோப்பைப் பழையதோடு இணைக்க விர்ச்சுவல்பாக்ஸ் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அது முடியும்வரை லேப்டாப்பை மூடாதீர்கள்.